பளபளக்கும் நாணயம் படத்தில் கெட்டுப்போகிறதா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் ஒளி சுழன்று ஓடுகிற நாணயம், படம் எடுத்ததும் சாம்பல் நிற வில்லையாகவோ பாதி வெளுத்த தகடாகவோ வந்து நிற்கும். உடனே கேமராவின் மேல்தான் சந்தேகம் போகும். இன்னும் நல்ல போன் வாங்கலாமா, வேறு லென்ஸ் மாற்றலாமா என்று யோசனை ஓடும். என் அனுபவத்தில் கோளாறு பெரும்பாலும் கேமராவுக்கு வெளியேதான் இருக்கும். விளக்கு எங்கே இருக்கிறது, நாணயத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதில்தான் பாதிக்கு மேல் தீர்வு அடங்கியிருக்கிறது.

காகிதமும் துணியும் தம் மேல் விழும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். எங்கிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும். மெருகான உலோகம் சிதறடிக்காது. வெளிச்சம் எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ அதே கோணத்தில் மறுபக்கம் திருப்பி அனுப்பிவிடும். அதனால் லென்ஸ் நாணயத்தின் வழியாக அறையைத்தான் பார்க்கிறது. கூரை, விளக்கு, உங்கள் சட்டை, கேமராவின் கறுப்பு முகம், இவற்றில் எது அந்தக் கோணத்தில் அகப்படுகிறதோ அது நாணயத்தின் மேல் ஏறிக்கொள்ளும். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தின் வெவ்வேறு முகங்கள்.

முதலில் ஒற்றைக்கண் சோதனை

எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கேமராவை எடுத்துவிட்டு, லென்ஸ் இருந்த இடத்தில் ஒரு கண்ணை வைத்து, மற்றதை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல் நாணயத்தைப் பாருங்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் இரண்டு கோணங்களின் ஒளியையும் மூளை சேர்த்து அழகாகக் காட்டிவிடும். தலை கொஞ்சம் அசைந்தாலும் அப்படித்தான். லென்ஸுக்கு அந்த வசதி இல்லை.

படத்தில் கண்ட குறை இப்போது கண்ணுக்கும் தெரிந்தால் கோளாறு விளக்கில். கண்ணுக்கு நன்றாக இருந்து படத்தில் மட்டும் கெட்டிருந்தால் கேமராவின் அமைப்பில். இந்தப் பிரிவினை தெரிந்துவிட்டாலே வீண் அலைச்சல் குறையும்.

நாணயம் மேசையில் மட்டமாக இருக்கிறது, கேமரா அல்லது போன் ஒரு ட்ரைபாடிலோ, கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் காப்பி ஸ்டாண்டிலோ நேர் மேலிருந்து கீழே பார்க்கிறது, வளையும் கழுத்துள்ள மேசை விளக்கு ஒன்றோ இரண்டோ இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். சன்னல் திரையை மூடுங்கள். வெள்ளைச் சட்டையோ பளிச்சென்ற நிறச் சட்டையோ போட்டிருந்தால் கறுப்புக்கு மாறுங்கள், அதுவும் நாணயத்தில் விழும். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

உருவம் தெரிகிறது, வெற்றுத் தளம் கறுத்துவிடுகிறது

சேகரிப்பவர்களுக்கென்று தனிச் சிரத்தையோடு அச்சிடும் புரூஃப் நாணயங்களில் இது எப்போதும் வரும். அவற்றின் வெற்றுத் தளம் கண்ணாடி போல மெருகேற்றப்பட்டது. உருவமும் எழுத்தும் பனி படர்ந்தது போன்ற மங்கல் பரப்பு. மங்கல் பரப்பு விளக்கின் ஒளியைச் சிதறடித்து லென்ஸுக்குக் கொஞ்சம் அனுப்பிவிடுகிறது. தளமோ நேர் மேலே இருப்பதை மட்டும் காட்டுகிறது. நேர் மேலே இருப்பது கறுப்பு லென்ஸ். அதனால் தளம் கறுப்பு.

இது குறையா என்பது உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. புரூஃப் நாணயத்தில் கறுந்தளத்தின் மேல் வெண்ணுருவம் மிதப்பது போன்ற தோற்றத்தைச் சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். அதுதான் வேண்டுமென்றால் கறுப்பை இன்னும் சுத்தமாக்குங்கள். ஒரு கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு லென்ஸின் முன்னால் மாட்டினால் கேமராவின் வெள்ளி எழுத்துகள், போனின் மற்ற லென்ஸ்கள், கூரையின் மங்கல் வெளிச்சம் எல்லாம் மறைந்து தளம் ஒரே கறுப்பாகும்.

தளம் வெள்ளியாக மின்ன வேண்டுமென்றால், தளத்துக்கு நேர் எதிரே வெளிச்சத்தைக் கொண்டுவர வேண்டும். ஆனால் அந்த இடத்தில் லென்ஸ் இருக்கிறது. இதற்கு இரண்டு வழிகள்.

எளிய வழி, நாணயத்தின் ஒரு விளிம்புக்கு அடியில் மெல்லிய அட்டைத் துண்டைச் செருகிச் சில பாகை சாய்த்து, அது சாய்ந்து நோக்கும் திசையில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி, அட்டையின் மேல் விளக்கை அடிப்பது. தளம் இப்போது லென்ஸை விட்டு அட்டையைக் காட்டும். வட்டம் கொஞ்சம் நீள்வட்டமாகும், ஒரு பக்கம் ஃபோகஸ் நழுவும். சாய்வு மிகக் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழியை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். லென்ஸுக்கும் நாணயத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய, சுத்தமான கண்ணாடித் தகட்டை 45 பாகை சாய்வில் நிறுத்துங்கள். படச் சட்டத்தின் கண்ணாடியே போதும். பக்கவாட்டிலிருந்து விளக்கைக் கண்ணாடியின் மட்டத்தில் கிடைமட்டமாக அடியுங்கள். கண்ணாடி அந்த ஒளியில் ஒரு பங்கை நேர் கீழே நாணயத்தின் மேல் திருப்பும். நாணயம் அதை நேர் மேலே அனுப்பும். லென்ஸ் கண்ணாடியின் ஊடாகப் பார்த்துக்கொள்ளும். ஒளியும் பார்வையும் ஒரே கோட்டில் அமைவதால் தளம் முழுக்க மின்னும், உருவத்தின் சரிவுகள் கருமை தட்டி, ஒவ்வொரு கோடும் செதுக்கினாற்போல் நிற்கும்.

இந்த அமைப்பிலேயே சில கோளாறுகள் வரும். படம் முழுக்க வெண்புகை படர்ந்தால் கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். கண்ணாடியின் மேல் விளிம்பு விளக்குப் பக்கமாகவும், கீழ் விளிம்பு விளக்குக்கு அப்பாலும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஒளி மேலே போய் லென்ஸுக்குள் விழும். சரியாக வைத்தும் புகை இருந்தால், கண்ணாடியைத் தாண்டிப் போகும் ஒளி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புகிறது. அங்கே ஒரு கறுப்புத் துணியை மாட்டுங்கள். நாணயத்தில் பாதி மட்டும் மின்னினால் கண்ணாடியின் சாய்வைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள், விளக்குக்கு முன்னால் ஒரு டிரேசிங் தாளைப் பிடித்து ஒளியின் பரப்பைப் பெரிதாக்குங்கள். விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தால் கண்ணாடி தடிமன். அதன் இரண்டு முகங்களும் தனித்தனியாகப் பிம்பம் தருகின்றன. விளக்கின் ஒளி நேராகவும் நாணயத்தில் விழுந்தால் விளக்குக்கும் நாணயத்துக்கும் நடுவில் ஓர் அட்டையைத் தடுப்பாக நிறுத்துங்கள். 45 பாகையில் சாதாரணக் கண்ணாடி திருப்பிவிடுவது ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான். ஆகவே படம் இருட்டாக வருவது இயல்பு. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றாமல் ஷட்டர் நேரத்தை நீட்டுங்கள்.

ஒரு பக்கம் வெளுத்துவிடுகிறது, மறுபக்கம் இருட்டு

விளக்கு மிகத் தாழ்வாக, ஒரே பக்கத்தில் இருக்கிறது. பக்கத்து ஒளி உருவத்தின் ஒரு சரிவை எரித்துவிட்டு மறு சரிவை நிழலில் தள்ளும். விளக்கை உயர்த்துங்கள். லென்ஸின் விளிம்பைத் தொடாத அளவுக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அங்கே வையுங்கள். கடிகார முகத்தை நினைத்துக்கொண்டு ஒரு விளக்கை 10 மணி இடத்திலும் மற்றதை 2 மணி இடத்திலும் வைப்பது நல்ல தொடக்கம். அங்கிருந்து நாணயத்துக்கு ஏற்ப நகர்த்துங்கள்.

விளக்குகளை இப்படி நெருக்க வேண்டுமானால் லென்ஸுக்கும் நாணயத்துக்கும் நடுவில் இடம் வேண்டும். மிக அருகிலிருந்து எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸ்களில் 50 மி.மீ. லென்ஸைவிட 90 முதல் 105 மி.மீ. வரையுள்ள மேக்ரோ லென்ஸ் நாணய வேலைக்கு வசதியாக இருப்பது அதனால்தான்.

உருவத்தின் மேடுகளில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் எரிந்தால் விளக்கின் பரப்பு மிகச் சிறியது. ஒரே ஒரு டிரேசிங் தாளை விளக்கின் முன்னால் கட்டுங்கள். ஒன்று போதும். அதிகமானால் அடுத்த கோளாறு வந்துவிடும்.

கண்ணைக் கூசும் வெளிச்சம் இல்லை, ஆனால் நாணயம் செத்துக் கிடக்கிறது

பளபளப்பைக் கண்டு பயந்து வெள்ளைக் கூடாரத்துக்குள் வைத்து, எல்லாப் பக்கமும் மென்மையான ஒளி கொடுத்து எடுத்தால் கிடைப்பது இதுதான். பிழை எதுவும் கண்ணில் படாது, உயிரும் இருக்காது. எந்தத் திசையில் திரும்பினாலும் நாணயத்துக்குத் தெரிவது ஒரே வெள்ளை, ஆகவே அது ஒரே வெள்ளையைத்தான் காட்டும். கூடாரம் நகைக்கும் பாத்திரத்துக்கும் உதவலாம். புழங்காத, புது மெருகுள்ள நாணயத்துக்கு அது எதிரி என்பது என் உறுதியான எண்ணம்.

அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. அந்த ஓட்டம் அச்சையும் மெல்ல அரித்து, நாணயத்தின் மேல் ஆரம் ஆரமாக நுண்ணிய வரிகளை விடுகிறது. இந்த வரிகளில் ஒளி பட்டால்தான் நாணயத்தைச் சாய்க்கும்போது எதிரெதிரே இரண்டு ஒளிக்கதுப்புகள், அதாவது ஒளிப் பட்டைகள், சக்கர ஆரம் போலச் சுழல்கின்றன. சேகரிப்பாளர்கள் லஸ்டர் என்று சொல்வது இதைத்தான். ஒளிக்கும் இருளுக்கும் வேறுபாடு இருந்தால்தான் அது தெரியும். எல்லாம் ஒளியானால் கதுப்பு இல்லை.

ஆகவே டிஃப்யூசரை (கூடாரம், டிரேசிங் தாள் போல ஒளியை மென்மையாக்கும் திரையை) எடுத்துவிடுங்கள், அல்லது விளக்கைத் தள்ளி வைத்து அதன் பரப்பைச் சிறிதாக்குங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே விளக்கை நாணயத்தைச் சுற்றி நகர்த்துங்கள். கதுப்புகள் விளக்கோடு நகர்வதைக் காண்பீர்கள். முகத்தின் கன்னம், நெற்றி போன்ற முக்கியமான இடத்தில் கதுப்பு வந்து உட்காரும்போது நிறுத்துங்கள். இரண்டு விளக்கு இருந்தால் இரண்டு சோடிக் கதுப்புகள் கிடைக்கும். மூன்றாவது விளக்கு வேண்டியதில்லை, அது எல்லாவற்றையும் மறுபடியும் சமன் செய்துவிடும்.

விளக்கை நகர்த்துவதற்குப் பதிலாக நாணயத்தைச் சுழற்றி, கேமராவையும் அதற்கேற்பத் திருப்பிப் பாருங்கள். சில உருவங்களுக்கு ஒளி மேலிருந்து வந்தால்தான் கண்ணும் மூக்கும் சரியாக விழும். ஒளி கீழிருந்து வந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். ஒளி எப்போதும் மேலிருந்து வரும் என்று நம் கண் பழகிவிட்டதே காரணம். படத்தில் முகம் உள்வாங்கியது போலத் தெரிந்தால் விளக்கு ஆறு மணிப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

வானவில் நிறங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, படத்தில் இல்லை

பழைய வெள்ளி நாணயங்களின் மேல் மெல்லிய சல்ஃபைடு படலம் உருவாகி நீலம், ஊதா, பொன்மஞ்சள் என்று நிறம் காட்டும். சாயம் எதுவும் அங்கே இல்லை. படலத்தின் மேற்பரப்பிலிருந்தும் அடியிலிருந்தும் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதிச் சில நிறங்களைக் கூட்டிச் சிலவற்றைக் குறைக்கின்றன. சோப்புக் குமிழியில் நடப்பதும் இதே இயற்பியல்தான். ஆகவே நிறம் நேராகப் பிரதிபலிக்கும் ஒளியில்தான் இருக்கும், சிதறிய ஒளியில் இருக்காது. பக்க விளக்கில் எடுத்தால் பழுப்பு அழுக்காகத் தெரியும் நாணயம், மேலே சொன்ன 45 பாகைக் கண்ணாடியில் நிறமாக மலர்வதைப் பார்க்கலாம். கண்ணாடி அமைக்க முடியாவிட்டால் விளக்கை லென்ஸை ஒட்டி உயர்த்தி, நாணயத்தைச் சிறிது சாய்த்துப் பாருங்கள். கணினியில் சாச்சுரேஷனை ஏற்றி நிறத்தை வரவழைக்காதீர்கள். இல்லாத நிறம் வந்துவிடும், வாங்குபவர் கையில் எடுத்ததும் ஏமாந்துபோவார்.

கறுப்புப் பின்னணியில் வெளுக்கிறது, வெள்ளைப் பின்னணியில் இருள்கிறது

இனி கேமராவின் பக்கம். கேமராவின் ஒளிமானி காட்சி மொத்தமும் நடுச் சாம்பலாக வர வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. கறுப்புத் துணி சட்டத்தில் நிறைந்திருந்தால் அதைச் சாம்பலாக்க எக்ஸ்போஷரைக் கூட்டும், நாணயம் எரியும். வெள்ளைத் தாள் நிறைந்திருந்தால் நேர் மாறாக. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் கறுப்புக்கு ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது ஒரு ஸ்டாப்) குறைத்தும் வெள்ளைக்கு ஒரு ஸ்டாப் கூட்டியும் தொடங்குங்கள். அதைவிட நல்லது மேனுவல் முறை. போனில் நாணயத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் திரையில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைக்கலாம்.

படத்தின் இருளையும் ஒளியையும் இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரத்தில் ஒளி முட்டி நின்றால் அந்த விவரம் போனது போனதுதான், பிறகு எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா ஃபைலில் கொஞ்சம் இருட்டாக எடுத்து, பிறகு வெளிச்சத்தை ஏற்றிக்கொள்வது பாதுகாப்பு. போனின் எச்டிஆர் வசதியை அணைத்துவிடுங்கள். பல படங்களைச் சேர்த்து ஒளியையும் இருளையும் அது சமன்படுத்தும்போது லஸ்டரின் கதுப்புகள்தான் முதலில் கரைகின்றன.

நடுச் சாம்பல் நிற அட்டையே எனக்குப் பிடித்த பின்னணி. ஒளிமானி குழம்பாது, நாணயத்தின் விளிம்பில் வேற்று நிறமும் ஏறாது. சிவப்பு வெல்வெட்டின் மேல் வைத்தால் வெள்ளி நாணயத்தின் ஓரம் முழுக்கச் சிவப்பு பூசும், வெல்வெட்டின் நுண்ணிழைகளும் ஒட்டிக்கொள்ளும். நாணயத்தை ஒரு சிறிய மூடியின் மேல் உயர்த்தி வைத்தால் பின்னணி ஃபோகஸிலிருந்து விலகி மென்மையாகும், நிழலும் கண்ணில் படாது.

கூர்மை இல்லை

கூர்மைக் குறைவு நான்கு விதமாக வரும். எந்த விதம் என்று படத்தை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

எல்லாக் கோடும் ஒரே திசையில் இழுபட்டது போல இருந்தால் அசைவு. ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமர் வையுங்கள். கண்ணாடியுள்ள எஸ்எல்ஆர் கேமராவில் கண்ணாடி மேலே எழும் அதிர்வே போதும் படத்தைக் கெடுக்க. திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் எடுங்கள். யாரும் நடக்காத நேரத்தில் எடுங்கள், மரத்தளத்தில் நடக்கும் அதிர்வு ட்ரைபாட் வழியாக ஏறிவரும்.

நாணயத்தின் நடு கூர்மையாகவும் ஓரம் மங்கலாகவும், அல்லது மேடு கூர்மையாகவும் தளம் மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் ஆழம் போதவில்லை. அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப்/8 பக்கம் குறுக்குங்கள் (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்).

எஃப்/22 வரை குறுக்கியும் மொத்தப் படமும் ஒரே மாதிரி மங்கல் என்றால், அது ஒளி விளிம்புவிலகலின் வேலை, அதாவது சிறிய துளை வழியே போகும் ஒளி விரிந்து பரவுவது. மிக அருகிலிருந்து எடுக்கும்போது இது எதிர்பார்ப்பதைவிட முன்பே தலைகாட்டும். உருவம் சென்சாரில் அசல் அளவிலேயே விழும் ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் எஃப்/8 என்பது நடைமுறையில் எஃப்/16 ஆகிவிடும், எஃப்/22 என்பது எஃப்/44. ஆகவே எஃப்/8க்கு அருகிலேயே நின்றுகொண்டு, மேடு அதிகமுள்ள நாணயத்துக்குப் ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஃபோகஸ் ஸ்டாக்கிங் மென்பொருளில் சேர்ப்பதே சரியான வழி.

நான்காவது, போனுக்கே உரியது. அருகே போகப் போகக் காட்சி சட்டென்று துள்ளி மாறினால் போன் தானாகவே அல்ட்ரா வைடு லென்ஸுக்குத் தாவிவிட்டது. பல போன்களில் மேக்ரோ என்பது அந்த லென்ஸ்தான். அதன் சென்சார் சிறியது. தவிர நாணயத்துக்கு மிக அருகே போக வேண்டியிருப்பதால் போனின் நிழலே வெளிச்சத்தை மறைக்கும். மேக்ரோவை அணைத்துவிட்டுப் பின்னால் வாருங்கள். முதன்மை லென்ஸ் ஃபோகஸ் பிடிக்கும் தூரத்தில் நிறுத்தி 2 மடங்கு பெரிதாக்கி எடுத்து, மீதியைப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். நாணயம் சட்டத்தில் சிறிதாக விழுந்தாலும் கூர்மையாக விழும்.

வட்டம் நீள்வட்டமாகவோ, ஒரு பக்கம் மட்டும் கூர்மையாகவோ இருந்தால் கேமரா நேராக இல்லை. நாணயத்தின் இடத்தில் ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியை மட்டமாக வைத்து, திரையில் லென்ஸின் பிம்பம் நடுவில் வரும்வரை கேமராவைச் சரிசெய்யுங்கள். மட்டப்பலகையைவிட இது துல்லியம், ஏனென்றால் மேசையே சாய்ந்திருந்தாலும் சரியாக வரும்.

நிறம் தவறு, அல்லது குறுக்கே பட்டை பட்டையாக

வெள்ளி மஞ்சளாகவும் செம்பு ஆரஞ்சாகவும் வந்தால் கோளாறு ஒயிட் பேலன்ஸில், அதாவது விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பில். நாணயத்தில் பாதி மஞ்சள், பாதி நீலம் என்றால் இரண்டு வகை ஒளி கலந்திருக்கிறது. குண்டு பல்பின் ஒளி 2700 கெல்வின் அளவில் மஞ்சளாகவும், பகல் ஒளி 5500 கெல்வின் அளவில் வெண்மையாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்யும் அமைப்பு எந்தக் கேமராவிலும் இல்லை. ஒரே வகை விளக்கை வைத்துக்கொண்டு, நாணயத்தின் இடத்தில் சாம்பல் அட்டையை வைத்துக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுங்கள். ஆட்டோவில் விட்டால் செம்பு நாணயத்தின் சிவப்பைக் கேமரா விளக்கின் குறை என்று நினைத்துக் கழித்துவிடும். விளக்கு வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு) 90க்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். அது குறைவான எல்இடியில் செம்பின் செந்நிறம் சோர்ந்து தெரியும்.

கிடைப்பட்டைகள் ஓடினால் விளக்கு மின்னோட்டத்தோடு சேர்ந்து துடிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது விநாடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸில் 120 முறை. ஷட்டரை முதலாவதற்கு 1/50 அல்லது 1/25, இரண்டாவதற்கு 1/60 அல்லது 1/30 என்று வைத்தால் பட்டை மறையும்.

பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் நாணயம்

தரமிட்டு மூடிய ஸ்லாப் என்ற பிளாஸ்டிக் பெட்டியோ வட்டக் கேப்சூலோ, இங்கே இரண்டு பிரதிபலிப்புப் பரப்புகள் இருக்கின்றன. 45 பாகைக் கண்ணாடி முறை இதற்கு உதவாது. உறையும் நாணயமும் ஒரே மட்டத்தில் இருப்பதால் உறையின் வெண்பிம்பமும் நேராக லென்ஸுக்கே வரும். விளக்குகளைக் கொஞ்சம் விலக்கித் தாழ்த்துங்கள். உறையில் விழும் விளக்கின் பிம்பம் சட்டத்தை விட்டு வெளியேறும் கணத்தில் நிறுத்துங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள், உறையின் கீறல்கள் பற்றி எரியத் தொடங்கும். ஓட்டை போட்ட கறுப்பு அட்டை இங்கே கட்டாயம்.

ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைசர் ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பிளாஸ்டிக்கின் பிரதிபலிப்பைப் போலரைசர் நன்றாக வெட்டுவது ஏறத்தாழ 56 பாகைச் சாய்விலிருந்து பார்க்கும்போது. நேர் மேலிருந்து பார்க்கும்போது அதனால் பயன் இல்லை. உலோகத்தின் பளபளப்பை அது எந்தக் கோணத்திலும் பெரிதாகத் தொடாது. விளக்குக்கும் ஒரு போலரைசர், லென்ஸுக்கும் ஒன்று என்று குறுக்காகப் போட்டால் பளபளப்பு போகும், கூடவே லஸ்டரும் போய்விடும். இன்னொன்று: நாணயத்தில் இல்லாத வானவில் கோடுகள் உறையின் மேல் தெரிந்தால் அதற்கும் போலரைசரே காரணம். எல்சிடி திரையின் ஒளி போன்ற துருவப்பட்ட (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியில், வார்த்த பிளாஸ்டிக்கின் உள் இறுக்கங்கள் அதன் வழியே நிறமாகத் தெரிகின்றன. ஃபில்டரைக் கழற்றுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கீறலும் தூசியும் படத்தில் தெரிகின்றன

தாழ்ந்த ஒளி மயிரிழைக் கீறலைக்கூட வெள்ளைக் கோடாக்கும். உயர்ந்த ஒளி அதே கீறலை விழுங்கிவிடும். உங்கள் சேகரிப்புக்கு எடுக்கும்போது விளக்கை உயர்த்திக்கொள்ளலாம். விற்பதற்கு எடுக்கிறீர்கள் என்றால் இரண்டு ஒளியிலும் ஒவ்வொரு படம் போடுங்கள். வாங்குபவருக்கு அந்தக் கீறலைப் பார்க்கும் உரிமை இருக்கிறது.

தூசிக்கு ரப்பர் ஊதுகுழல் மட்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி பட்ட இடத்தில் நாளடைவில் கறை படியும். துணி, பஞ்சு, பற்பசை, மெருகுப் பசை எதுவும் நாணயத்தைத் தொடக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மோசமான படத்தை இன்னொரு முறை எடுக்கலாம், தேய்த்து அழித்த நுண்வரிகள் திரும்பி வரவே வராது. விளிம்பை மட்டும் பிடித்து, அடியில் மெத்தென்ற துணியை விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரே புள்ளி தெரிந்தால் அது நாணயத்தில் இல்லை, சென்சாரில் இருக்கிறது.

என் திரையில் நன்றாக இருக்கிறது, ஏற்றியதும் நிறம் வெளிறிவிடுகிறது

கேமராவோ மென்பொருளோ அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் சேமித்திருக்கும். வெளியே அனுப்பும் பிரதியை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமியுங்கள். அளவைக் குறைத்த பிறகு மட்டும், இலேசாகக் கூர்மைப்படுத்துங்கள். கூர்மையை அதிகம் ஏற்றினால் எழுத்துகளைச் சுற்றி வெள்ளை ஓரம் முளைத்து, தேய்ந்த நாணயம் புதிது போலத் தோன்றும்.

முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு வேறு நாணயங்கள் போல இருக்கின்றன

திருப்பி வைத்ததும் கேமரா எக்ஸ்போஷரையும் நிறத்தையும் புதிதாகக் கணக்கிட்டிருக்கிறது. ஷட்டர், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் நான்கையும் மேனுவலில் பூட்டிவிட்டு இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து எடுங்கள். விளக்கை மட்டும் இரண்டாம் பக்கத்துக்காகக் கொஞ்சம் நகர்த்தலாம், அந்தப் பக்கத்தின் உருவத்துக்கு ஒளி வேறு இடத்திலிருந்து வர வேண்டியிருக்கலாம். நன்றாக வந்த அமைப்பில் ட்ரைபாடின் கால்களும் விளக்கின் அடியும் இருந்த இடத்தை மேசையில் டேப் ஒட்டிக் குறித்து, ஷட்டர் எண்களை அந்த டேப்பின் மேலேயே எழுதி வையுங்கள். அதே அளவுள்ள அடுத்த வெள்ளி நாணயத்துக்கு அங்கிருந்தே தொடங்கலாம். செம்புக்கும் புரூஃபுக்கும் தனித்தனிக் குறி வேண்டியிருக்கும்.